கவரைத் திருப்பி அனுப்புகிறேன்: எங்கள் சபைக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அண்ணன்மாருக்கும், பெண்கள் ஐக்கியத்து அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்தீர்கள். ரோமர் ஐந்தாம் அதிகாரம் வாசித்தீர்கள், ஜெபம் பண்ணினீர்கள், கட்டன்சாயா குடித்தீர்கள். புறப்படும்போது மேசைமேல் பணம் வைத்த ஒரு கவரை வைத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. 'அக்கா சமாதானத்துக்கு ஒத்துக்கிட்டாங்க' என்று சாயாக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் மொபைலில் டைப் செய்கிறாள். இடையிடையே 'அம்மா, இது வேண்டாம்' என்கிறாள். அவள் வேண்டாம் என்றதில் பாதியை விட்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த அண்டியாபீசின், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையின், பெயரையும் நம் சபையின் பெயரையும் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நடந்ததை முழுதாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று என் வீட்டில் இருந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் தோல் உரிப்பில் 23 வருடம். உடைப்பிலிருந்து வரும் பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் அந்தச் சிவப்புத் தோலைச் சின்னக் கத்தியால் உரிக்க வேண்டும். முழுப்பருப்பாக வந்தால் ஒரு கூலி, பிளந்துபோனால் வேறு கூலி. 320 என்று ஒரு ரகம் உண்டு, ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும். கையில் எடுத்தாலே இது 320, இது 240 என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

வேலை விடும்போது கேட்டில் சோதனை உண்டு. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருப்பாள். ஓணம் கழிந்த இரண்டாவது வியாழக்கிழமை அவள் வரவில்லை. மேஸ்திரி நின்றார். டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். மத்தியானம் தின்ன முடியாமல் வைத்திருந்த மரச்சீனிக்கிழங்கு ஒரு துண்டு கிடந்தது. முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். பொம்பளை ஆள் யாராவது வரட்டும் என்றேன். அவரே கையை நீட்டி இழுத்தார். தோளில் ஊக்கு குத்தியிருந்தேன். இழுத்த இழுப்பில் ஊக்கோடு ரவிக்கை கிழிந்தது. எனக்குப் பின்னால் நாற்பது பெண்கள் வரிசையில், எதிரே ஆட்டோக்காரர்கள். பருப்பு ஒன்றும் விழவில்லை. 'இப்பம் என்ன சொல்லுதீரு?' என்று கேட்டேன். டப்பாவைக் காலால் தள்ளினார். மூடி உருண்டு ரோட்டைத் தாண்டி ஓடைக்குள் போய் விழுந்தது. மறுநாள் காலையில், இனி வரவேண்டாம் என்றார்கள்.

உங்களில் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து, 'பிடிச்சு இழுத்ததுதானே அக்கா, அடிக்கவா செய்தாரு' என்று கேட்டீர்கள். யார் என்று எழுதவில்லை. உங்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்து கமிட்டி அறை வாசலில் வந்து நின்றேன். ஆலை முதலாளி நம் சபைக்காரர், மணிக்கோபுரத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர், கல்வெட்டில் பெயர் இருக்கிறது, உங்கள் பேச்சைக் கேட்பார் என்று நம்பினேன். பார்க்கலாம் என்றீர்கள். அடுத்த ஞாயிறும் வந்தேன். அசன விருந்து வேலை இருக்கிறது என்றீர்கள். அதற்கு அடுத்த ஞாயிறு அறை பூட்டியிருந்தது. ஏழு ஞாயிறு எண்ணினேன். எட்டாவது வாரம் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஆலைக்கு நோட்டீஸ் போன மறுவாரமே மட்டிப்பழம் வந்துவிட்டது.

சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போகலாமா, அதுவும் அவிசுவாசிகளிடத்தில் போகலாமா என்று 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினீர்கள். பதினைந்து வருடம் இதே சபையில் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த அதிகாரத்தை எனக்குத் தெரியும். ஏழாம் வசனத்தை வாசித்தீர்கள், 'நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை' என்று. அதற்கு இரண்டு வசனம் மேலே, உங்களுக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்று பவுல் வெட்கப்படுத்திக் கேட்கிறார். அந்த ஒருவரைத் தேடித்தான் ஏழு ஞாயிறு வாசலில் நின்றேன். ஒரு வசனம் கீழே, நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், அதுவும் சகோதரருக்கே செய்கிறீர்கள் என்று வருகிறது. அதை யாருடைய வீட்டிலாவது போய் வாசித்தீர்களா? அந்த வீட்டில் சாயா இன்னும் நன்றாகவே இருக்கும்.

ஆனால் ஏழாம் வசனத்தை நான் தள்ளிவிடவில்லை. அது என்னைத் தூங்கவிடாத வசனம். சகித்துக்கொள், நஷ்டத்தைப் பொறுத்துக்கொள். பல ராத்திரி, சரி ஆண்டவரே, பொறுத்துக்கொள்ளுகிறேன் என்று சொல்லிப் படுத்தேன். பொய்யில்லை. என் ரவிக்கை, என் டப்பா, என் வேலை, இவை மட்டும் என்றால் விட்டிருப்பேன். வீட்டுக்காரர் இறந்த வருடம் இதைவிட அதிகம் விட்டிருக்கிறேன். கண்ணை மூடினால் வருவது என் தோள் இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பிள்ளை. பத்தொன்பது வயது இருக்கும், வேலைக்கு வந்து மூன்று மாதம். என்னிடம் நடந்ததைப் பார்த்ததும் சுடிதார் ஷாலை இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. என் நஷ்டத்தை நான் பொறுக்கலாம். அவளுடையதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்த வசனத்தில் 'நீங்கள்' என்றுதான் இருக்கிறது, 'உங்கள் பின்னால் நிற்கிறவள்' என்று இல்லை.

யோபுவைப் போலப் பொறுமையாக இரு என்று பெண்கள் ஐக்கியத்து அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அக்கா, யோபுவின் புத்தகத்தை நாம் முதல் இரண்டு அதிகாரத்தோடு மூடிவிடுகிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அப்புறம் முப்பத்தொன்றாம் அதிகாரம் வரைக்கும் வாதாடுகிறார். வந்த சிநேகிதர்களை 'காரியத்துக்குதவாத வைத்தியர்கள்' என்கிறார். அவர்கள் சொன்னதெல்லாம் பக்தியான பேச்சுதான், இன்றைக்குப் பிரசங்கமாக வைத்தாலும் நாலு பேர் ஆமென் சொல்வார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யார்மேல்? 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்று அந்தச் சிநேகிதர்களிடம்தான் சொன்னார். அவர்களிடம் ஒரு நல்ல காரியமும் இருந்தது. வந்தவுடன் வாய் திறக்காமல் ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் நாற்காலி கேட்டீர்கள், பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டேன்.

யோபின் பொறுமையைப் பற்றிப் பேசுகிற யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், அதே பக்கத்தில், வேலைக்காரரிடமிருந்து அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும் எழுதியிருக்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தாலே, ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு கிராஜுவிட்டி தரவேண்டும், 1972ஆம் வருடமே சட்டம் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு 23 வருடம். உங்கள் கவரில் இருப்பது அதில் கால்வாசிகூட வராது. எண்ணிப் பார்த்தேன், மறைக்கவில்லை.

யோபு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நாம் புனிதர்களிடம் வேண்டுகிற சபை இல்லை. ஆனாலும் நாகர்கோவில் பஸ் தக்கலையைத் தாண்டிப் புலியூர்க்குறிச்சி வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அங்கேதான் முட்டிடிச்சான் பாறை. அடிபட்டுத் தாகத்தில் தவித்த தேவசகாயம் பிள்ளை கைமுட்டியால் இடித்தபோது தண்ணீர் வந்த பாறை என்று சொல்லி வருகிறார்கள். பக்கத்தில் உதயகிரிக் கோட்டை, அதற்குள் டிலனாய் கல்லறை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட அந்த டச்சுப் படைத்தலைவர்தான், மாடும் பயிரும் அழிந்து மனம் உடைந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னவர். அந்தக் கதை கேட்டவர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தபோது நம் ஜில்லாவே கொண்டாடியது.

அவரைச் சொல்லித்தான் எங்களைப் போன்றவர்களை அடக்குகிறார்கள்: எவ்வளவு பட்டார் பார், வாய் திறந்தாரா? திறந்தாரே. விசுவாசத்தை விட்டுவிடு, விட்டுவிடுகிறோம் என்றதற்கு மாட்டேன் என்றார். மூன்று வருடமும் அதையேதான் சொன்னார். அடித்தவனைப் பிரியப்படுத்த அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. எருமைமேல் ஏற்றியவர்கள் அனுப்பிய கவரும் அவர் மேசையில் இருக்கவில்லை. (மகள் இதை வேண்டாம் என்றாள். இருக்கட்டும்.)

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். முந்தானையைப் பிடித்து இழுத்தது சின்ன விஷயம் என்று இந்த ஜில்லாவில், அதுவும் நம் சபையில், யாருக்காவது சொல்ல வாய் வருமா? 1822 முதல் 1859 வரை, முப்பத்தேழு வருடம், நம் பாட்டிமாரின் பாட்டிமார் தோளில் ஒரு துணி போட அடிபட்டார்கள். சந்தையில் வைத்துக் குப்பாயச் சட்டையைக் கிழித்தார்கள். ஆலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீ வைத்தார்கள். அவர்கள் ஜெபித்தார்கள், சந்தேகமில்லை. ஜெபித்துவிட்டு மறுநாளும் துணியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். நாகர்கோவிலில் மிஷனரி வீட்டம்மாக்கள் கற்றுக்கொடுத்த லேஸைப் பின்னி, அந்தக் காசில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மனு எழுதினார்கள். திருவனந்தபுரத்தில் கேட்கவில்லை என்றதும் சென்னை கவர்னர் வரைக்கும் போனது. 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால் இருந்தது. அந்த வாலை அறுக்க அப்புறம் எத்தனையோ வருடம்.

2023 மார்ச்சில் அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. தமிழ்நாடு, கேரளா இரண்டு முதலமைச்சர்களும் வந்தார்கள். நம் சபையிலிருந்து வேன் போட்டுப் போனோம், நானும் வந்தேன். திரும்பி வரும்போது வேனில் பாட்டுப் பாடினோம். இருநூறு வருடம் பழைய தோள்சீலைக்கு வேன் பிடித்தவர்கள், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கேட்டுக்கு நடந்து வர ஏழு ஞாயிறு போதவில்லை.

கடற்கரைக்காரர்களையும் பார்த்தோம். 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமெல்லாம் ஆட்கள் கடலிலிருந்து திரும்பாமல் இருந்தபோது அவர்கள் கோயிலில் செபமாலை சொன்னார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கில் நடந்து குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்திலும் உட்கார்ந்தார்கள், ஃபாதர்மாரும் கூடவே உட்கார்ந்தார்கள். ஜெபம் பண்ணுகிறவன் தண்டவாளத்தில் உட்காரலாமா என்று அன்றைக்கு யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

கவர் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன், பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக் கதையை. பவுலையும் சீலாவையும் அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள், நடுராத்திரியில் அவர்கள் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, சிறைச்சாலைக்காரன் ரட்சிக்கப்பட்டான். பிள்ளைகளுக்கு அதோடு முடித்துவிடுவேன், மணி அடித்துவிடும். நீங்கள் போன பிறகு விடியவிடிய உட்கார்ந்து அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் வாசித்தேன். விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, அவர்களை விட்டுவிடு என்கிறார்கள். சமாதானத்தோடே போங்கள் என்று சிறைச்சாலைக்காரன் வந்து சொல்கிறான். பவுல் போகவில்லை. விசாரிக்காமல் எங்களை வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்பொழுது இரகசியமாய் அனுப்பிவிடுவார்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்கிறார். அவர்கள் பயந்து, தாங்களே வந்து கெஞ்சினார்கள் என்று எழுதியிருக்கிறது.

ராத்திரி பாடினவர்தான் காலையில் இப்படிக் கேட்டார். முதுகில் காயம் ஆறியிருக்காது. ராத்திரி அவர் பாடியதற்கும் காலையில் கேட்டதற்கும் நடுவில் விசுவாசம் குறைந்துவிட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா?

நான் கேட்பதும் அதுதான். கேட்டில் வைத்து, எல்லாரும் பார்க்க நடந்தது. மேஸ்திரியும் முதலாளியும் அதே கேட்டில், வேலை விடுகிற நேரத்தில் வந்து, தவறு என்று சொல்லட்டும். பெண்களைச் சோதிக்க எப்போதும் பெண் இருப்பாள் என்று எழுதி ஒட்டட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பெண்களின் புகாரைக் கேட்க ஒரு கமிட்டி இருக்கவேண்டும் என்று 2013லிருந்து சட்டம், அதை அமைக்கட்டும். என் கணக்கை ரூபாய் பைசாவாகத் தீர்க்கட்டும். மறுபடி வேலை கொடுப்பார்களா என்பது அப்புறம்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஏழெழுபது தரம் என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அந்த மாதம் திருவிருந்து ஆராதனையில் முதலாளி எனக்கு இரண்டு பேர் தள்ளி முழங்கால்போட்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பம் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், வேலை போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அன்று முதல் ராத்திரி ஜெபத்தில் மேஸ்திரி பெயரையும் முதலாளி பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். இப்போது பல் கடிப்பதில்லை. மேஸ்திரிக்கு மூன்று பெண்பிள்ளைகள், மூத்ததற்கு வரன் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதற்காகவும் ஜெபித்தேன். இது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும். அதை வளர்க்க அவருக்கும் எனக்கும் நேரம் வேண்டும். நீங்கள் அதை வாங்கிக்கொண்டுபோய் மனுவுக்கு மேல் ஒட்டப் பார்க்காதீர்கள்.

நான் மன்னித்தாலும் மனு இருக்கும். பிரதான ஆசாரியன் வீட்டில் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று நம் ஆண்டவர் அவனிடம் கேட்டார். அவனுக்கும் சேர்த்துத்தான் மறுநாள் சிலுவையில் ஜெபித்தார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் மகளே சிரிப்பாள். ஆனால் சபையை விட்டுப் போகமாட்டேன். வேறு சபைக்கு வாருங்கள் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இங்கேதான் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். வருகிற ஞாயிறும் இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் இருப்பேன்.

கவரை இதோடு சபைச் செயலர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்கப்பட்டிருக்கும், எண்ணியது நான்தான், குறையாது. மட்டிப்பழத்தைத் தின்றுவிட்டோம், நன்றாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நாகர்கோவிலில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பிள்ளை, தான் பார்த்ததைச் சொல்ல வருகிறேன் என்று நேற்று வந்து சொன்னாள். அவள் அம்மாவுக்குப் பயம், கூட யாராவது பெரியவர்கள் வந்தால் அனுப்புகிறேன் என்கிறார்கள். நாங்கள் எட்டே காலுக்குச் சந்திப்பில் பஸ் ஏறுவோம். கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தால் போதும். பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சரி. டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருத்தி